பழைய ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளில் பின் ஷாக் மாற்றுவது எப்படி: உப்புக்காற்று ஊருக்கான முழுமையான வழிகாட்டி

ஷாக்கைக் கழற்றி மாட்டுவது அரை மணி நேர வேலை. அதற்கு முன்னால் அளவெடுப்பதுதான் உண்மையான வேலை. 200 மி.மீ. நீள ஷாக்கில் 51 மி.மீ. ஸ்ட்ரோக் (தண்டு உள்ளே அமுங்கும் தூரம்) கேட்கும் ஃப்ரேமுக்கு 57 மி.மீ. ஸ்ட்ரோக் வாங்கிவிட்டால், போல்ட் இரண்டும் சிக்கல் இல்லாமல் ஏறும், கடைத்தெருவில் ஓட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. மலையோர வழியில் முதல் பெரிய பள்ளத்தில் இறங்கும்போது பின் டயர், சீட்டைத் தாங்கும் ஃப்ரேம் குழாயான சீட் டியூப்பில் போய் இடிக்கும். அலுமினிய ஃப்ரேமாக இருந்தால் அந்த இடத்தில் விரிசல் விழ நாளாகாது.

குமரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கொல்லங்கோட்டிலிருந்து கன்னியாகுமரி வரை கடற்கரை நீண்டு கிடக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்று ஆண்டுக்கு இருமுறை நனைகிறோம். பத்து வருடம் ஆன ஒரு சைக்கிளின் ஷாக் போல்ட் இங்கே ஃப்ரேமோடு ஒட்டிப்போயிருக்கும். ஆகவே இந்த வழிகாட்டி அளவையும் துருவையும் பற்றியே அதிகம் பேசும்.

உண்மையிலேயே ஷாக்தான் போயிற்றா?

பின்பக்கம் கடகடவென்று அடித்தால் உடனே புது ஷாக் வாங்க ஓட வேண்டாம். சீட்டைப் பிடித்து சைக்கிளை ஒரு விரல் உயரம் மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். இன்னொரு கையின் ஆள்காட்டி விரலை, ஷாக்கின் கண்ணும் (போல்ட் நுழையும் முனைத் துளை) ஃப்ரேமும் சேரும் இடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ‘டக்’ என்று விரலில் தட்டினால் கண்ணுக்குள் இருக்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்திருக்கிறது. ஷாக் நன்றாகவே இருக்கும். புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும். தட்டல் பெடல் அச்சுக்கு மேலே உள்ள பெரிய பிவட்டில் (பின் பாகம் அசையும் கீல்) கேட்டால் பேரிங் போயிருக்கிறது. புஷ், பேரிங் இரண்டும் புது ஷாக் விலையில் சிறு பங்குகூட ஆகாது.

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றால் இயங்கும் ஷாக்கில், இரவு அடித்து வைத்த காற்று காலையில் குறைந்திருந்தால், ஷாக்கின் காற்றுக்குழாயிலும் வால்விலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். நுரை எழும் இடம்தான் கசிவு. வால்வில் எழுந்தால் வால்வு ஊசியை இறுக்கினாலோ மாற்றினாலோ சரியாகும். குழாய் விளிம்பில் எழுந்தால் சீல் கிட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) போதும்.

ஷாக் தேறாது என்பதற்கான அடையாளங்கள் வேறு. ரீபவுண்ட் குமிழை (அமுங்கிய ஷாக் திரும்பும் வேகத்தை மாற்றுவது) இரு கோடிக்கும் திருப்பிப் பார்த்தாலும் திரும்பும் வேகம் மாறவில்லை; அமுக்கினால் உள்ளே ‘சளக் சளக்’ என்று சத்தம்; தண்டில் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் படலம். இவை ஷாக்கின் துள்ளலை எண்ணெயால் அடக்கும் உள் பாகமான டேம்பர் போனதைக் காட்டுகின்றன. தண்டில் நகத்தை ஓட்டும்போது கீறலில் நகம் மாட்டினால் அந்தத் தண்டில் எந்தப் புது சீலும் நிலைக்காது. பழைய மாடலுக்கு உதிரிபாகமும் கிடைக்கவில்லை என்றால், மாற்றுவதுதான் வழி.

ஓர் எச்சரிக்கை. டேம்பருக்குள் உயர் அழுத்த நைட்ரஜன் வாயு இருக்கும். மேல் காற்றை விட்ட பிறகும் அது உள்ளேயே இருக்கும். ஆகவே டேம்பரை வீட்டில் பிரிக்கக் கூடாது. பழைய ஷாக்கை நெருப்பிலோ பழைய இரும்புக்கடை வெட்டும் இயந்திரத்திலோ போடவும் கூடாது.

இரண்டு எண்கள்: கண்ணுக்குக் கண், ஸ்ட்ரோக்

ஷாக்கின் இரு கோடியிலும் உள்ள போல்ட் துளைகளின் நடுவிலிருந்து நடு வரை உள்ள தூரம் ‘கண்ணுக்குக் கண்’ நீளம். தண்டு எவ்வளவு உள்ளே போகிறது என்பது ஸ்ட்ரோக். முதல் எண் மட்டும் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்து வாங்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு.

2016-க்கு முந்தைய ஃப்ரேம்கள் பெரும்பாலும் அங்குல அளவில் இருக்கும். ஷாக்கின் மேல் 7.875 × 2.25 என்று அச்சிட்டிருந்தால் அது மில்லிமீட்டரில் 200 × 57. அடிக்கடி வரும் மற்றவை:

6.5 × 1.5 என்றால் 165 × 38
7.5 × 2.0 என்றால் 190 × 51
7.875 × 2.0 என்றால் 200 × 51
8.5 × 2.5 என்றால் 216 × 63
8.75 × 2.75 என்றால் 222 × 70

2016-இல் மெட்ரிக் அளவுகள் வந்த பிறகு 190 × 45, 210 × 50, 210 × 55, 230 × 60, 230 × 65 போன்ற எண்கள் வழக்கத்துக்கு வந்தன. இந்த இரண்டு வரிசைகளும் ஒன்றோடொன்று பொருந்தாது. 200-க்குப் பக்கத்தில்தானே 210 என்று மாட்டிவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பின் சக்கரம் 140 மி.மீ. அசையும் ஃப்ரேமில் ஷாக் 57 மி.மீ. அமுங்குகிறது என்றால், 140-ஐ 57-ஆல் வகுத்தால் சுமார் 2.45. அதாவது ஷாக்கில் 1 மி.மீ. என்பது சக்கரத்தில் 2.45 மி.மீ. ஷாக் 10 மி.மீ. நீண்டால் பின் சக்கரம் ஏறக்குறைய 25 மி.மீ. கீழே தள்ளப்படும். பெடல் அச்சு ஒன்றரை சென்டிமீட்டர் உயரும், முன் ஃபோர்க் ஒரு டிகிரிக்கு மேல் நிமிரும். இறக்கத்தில் சைக்கிள் முன்னால் குப்புறத் தள்ளுவது போல இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அச்சு அழிந்துபோயிருந்தால் நீங்களே அளக்க வேண்டும். சைக்கிளில் மாட்டியிருக்கும்போது அளக்காதீர்கள். காற்று குறைந்த ஷாக் சுருங்கியே நிற்கும், ஃப்ரேமில் உள்ள துளைகளின் தூரமும் பின் பாகம் நகர நகர மாறும். ஷாக்கைக் கழற்றி, முழுவதும் நீண்ட நிலையில் கண்ணுக்குக் கண் எடுங்கள். பிறகு காற்றை முழுவதும் விட்டு, உடல் பாரத்தைக் கொடுத்து அடிவரை அமுக்கி மீண்டும் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்ட்ரோக். வெளியே தெரியும் பளபளப்பான தண்டின் நீளத்தை ஸ்ட்ரோக் என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். அதில் கடைசிச் சில மில்லிமீட்டர் உள்ளே போவதில்லை. ஸ்பிரிங் ஷாக்கில் தண்டின் அடியில் ரப்பர் பம்பர் வேறு இருக்கும். அது அமுங்கிச் சப்பையாகும் தடிமனையும் சேர்த்துத்தான் ஸ்ட்ரோக் கணக்கு, எனவே அங்கே அச்சிட்ட எண்ணையே நம்புங்கள்.

நம் ஊர்க் கடைகளில் ‘டபுள் ஷாக்கர்’ என்று விற்ற இரும்பு ஃப்ரேம் சைக்கிள்களுக்கும் அளவுதான் முக்கியம். அவற்றில் 125, 150, 165 மி.மீ. நீளமுள்ள ஸ்பிரிங் ஷாக்குகளே அதிகம். ஸ்பிரிங்கின் மேலேயே 650, 750, 850 என்று பவுண்டு எண் (ஸ்பிரிங்கை ஓர் அங்குலம் அமுக்கத் தேவையான பவுண்டு) போட்டிருக்கும். நீளமும் அந்த எண்ணும் ஒத்தால் போதும். இந்த ஷாக்குகளில் டேம்பரே இல்லாதவை பல, ஸ்பிரிங் மட்டும்தான். அந்த ஃப்ரேமுக்கு விலை கூடிய காற்று ஷாக் மாட்டிப் பணத்தை வீணாக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஃப்ரேமின் பிவட்டே அதற்கு ஈடுகொடுக்காது.

எந்த ஷாக்கும் ஏறாத ஃப்ரேம்கள்

சில பழைய ஃப்ரேம்கள் தங்களுக்கென்றே செய்த ஷாக்கை மட்டும் ஏற்கும். 2010-க்குப் பிந்தைய ட்ரெக் ஃப்யூவல் இ.எக்ஸ்., ரெமிடி வரிசையில் சில மாடல்களில் டி.ஆர்.சி.வி. என்ற இரட்டை அறை ஷாக் இருக்கும். ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் சில மாடல்களில் ஷாக்கின் ஒரு முனையில் கண்ணே இருக்காது; கவை போன்ற ஒரு நுகம் நேரடியாக ஷாக் உடலில் திருகியிருக்கும். அதே நிறுவனத்தின் எபிக் மாடலில் உள்ள ‘பிரெய்ன்’ ஷாக்கில் எண்ணெய்க் குழாய் பின் அச்சு வரை ஓடும். பழைய ஸ்காட் ஜீனியஸில் ஷாக் அமுங்குவதற்குப் பதிலாக இழுபடும். இவற்றில் எதையாவது வைத்திருந்தால், மாற்று ஷாக் தேடும் முன் பழைய ஷாக்கைச் சர்வீசுக்கு அனுப்ப முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவே மலிவு.

சாதாரண ஃப்ரேம் என்றாலும் ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்தில் தனி எண்ணெய்க் குப்பி ஒட்டிய ஷாக் வாங்குவதானால், அந்தக் குப்பிக்கு ஃப்ரேமுக்குள் இடம் வேண்டும். அட்டையில் அதே நீள அகலத்தில் வெட்டி, ஷாக் இருக்கும் இடத்தில் பிடித்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். அதோடு, ஷாக்கின் ட்யூன் எழுத்தையும் பாருங்கள். எல் (குறைவு), எம் (நடு), எச் (அதிகம்) என்று ரீபவுண்டுக்கும் கம்ப்ரஷனுக்கும் (ஷாக் அமுங்கும் வேகம்) குறித்திருப்பார்கள். பழைய ஷாக்கில் இருந்த எழுத்தையே எடுப்பது நல்லது. அது தெரியாவிட்டால் நடுவில் உள்ள எம் எடுங்கள்.

கண்ணின் அகலம், போல்ட், ரிட்யூசர்

ஷாக் வாங்கினால் அதோடு மாட்டும் உலோகத் துண்டுகள் பெரும்பாலும் வராது. அவற்றைத் தனியாக வாங்க வேண்டும், மேலுக்கும் கீழுக்கும் அளவு வேறாகவும் இருக்கலாம். தேவையான எண்கள் இரண்டு: ஷாக் உட்காரும் ஃப்ரேம் இடுக்கின் உள் அகலம், போல்ட்டின் தடிமன். வெர்னியர் காலிப்பர் இல்லாமல் இதை எடுக்காதீர்கள். ஸ்கேலில் 22 என்று தெரிவது காலிப்பரில் 22.2 ஆக இருக்கும். போல்ட் 6, 8, 10 மி.மீ. இவற்றில் ஒன்றாக இருக்கும்.

கண்ணுக்குள் இருக்கும் புஷ்ஷின் உள் விட்டம் பழைய ஃபாக்ஸ், ராக்‌ஷாக்ஸ் ஷாக்குகளில் பெரும்பாலும் 12.7 மி.மீ., வெளி விட்டம் சுமார் 15 மி.மீ. இந்த 12.7-ஐ 8 அல்லது 6 மி.மீ. போல்ட்டுக்குக் குறைத்துத் தருவதுதான் ரிட்யூசர்.

ரிட்யூசர் இணையத்தில் கிடைக்காவிட்டால் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஏதாவது லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். வாயால் சொல்லாமல் தாளில் வரைந்து கொடுங்கள். ஃப்ரேம் இடுக்கு 22.2, கண்ணின் அகலம் 12.7 என்றால், மீதி 9.5. அதை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் வெளியே நிற்க வேண்டிய தலையின் தடிமன் 4.75 மி.மீ. கண்ணுக்குள் நுழையும் பாகத்தின் விட்டம் 12.7-க்கு ஒரு மயிரிழை குறைவாக, 12.68 அளவில் இருக்க வேண்டும். அது கையால் தள்ளினால் நுழைய வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. சாதாரண இரும்பில் கடையச் சொல்லாதீர்கள். இரண்டு மழைக்காலம் தாங்காது. அலுமினியத் தண்டோ 304 ஸ்டெயின்லெஸ் தண்டோ வாங்கிக் கொடுங்கள்.

புஷ்ஷைப் பற்றியும் ஒன்று. பழைய வகைப் புஷ் என்பது இரும்புத் தகட்டின் உள்பக்கம் டெஃப்லான் பூசியது. உப்புக்காற்றில் வெளிப்பக்கம் துருவேறி, கண்ணுக்குள் ஒட்டிக்கொள்ளும். ஃபாக்ஸ் பிறகு கொண்டுவந்த ஐந்து துண்டு பிளாஸ்டிக் புஷ் செட் அந்த நிறுவனத்தின் பழைய ஷாக்குகளிலும் பொருந்துகிறது. கடலோரத்தில் ஓட்டுபவர்களுக்கு அதையே சொல்வோம்.

கழற்றுவது

தேவையானவை: 4, 5, 6 மி.மீ. அல்லன் கீ (முனை தேயாதது), டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்), ஷாக் பம்ப், ரப்பர் சுத்தியல், துரு இளக்கும் எண்ணெய், நீல நிற த்ரெட்லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை), கிரீஸ், நைஸ் உப்புத்தாள், பழைய துணி.

முதலில் எண்ணெய். டபிள்யூ.டி.-40 போன்றதைப் போல்ட்டின் தலையிலும் மறுபக்க மரையிலும் முந்தைய நாள் இரவே அடித்து வையுங்கள். காலையில் மீண்டும் ஒருமுறை. அலுமினிய ஃப்ரேமில் இரும்புப் போல்ட் உப்பு ஈரத்தோடு வருடக்கணக்கில் இருந்தால் இரண்டு உலோகங்களுக்கு நடுவே வெள்ளைப் பொடி வளர்ந்து ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். அந்த நிலையில் முரட்டுத்தனமாகத் திருகினால் முதலில் போவது அல்லன் குழி.

அல்லன் குழிக்குள் அடைந்திருக்கும் மண்ணை ஊசியால் சுரண்டி எடுங்கள். கீயை வைத்து, அதன் தலையில் ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி அடிவரை உட்கார வையுங்கள். இதைச் செய்யாததால்தான் முக்கால்வாசிப் போல்ட்டுகளின் குழி உருண்டுபோகிறது. பிறகு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு திருப்பி, அதன்பின் தளர்த்துங்கள். வெள்ளைப் பொடி உடைவது ‘டிக்’ என்று கேட்கும். அசையாவிட்டால் முடி உலர்த்தும் கருவியால் அந்த இடத்தை ஐந்து நிமிடம் சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். கேஸ் டார்ச் வேண்டாம். பெயின்ட் கருகும், ஃப்ரேமின் பதமும் போய்விடும். கார்பன் ஃப்ரேம் என்றால் எந்தச் சூடும் வேண்டாம்.

போல்ட் தளர்ந்ததும் காற்றை விடுங்கள். முழுவதும் உருவுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். வால்வைத் துணியால் மூடி, சிறிய அல்லன் கீயால் ஊசியை மெதுவாக அழுத்துங்கள். எண்ணெய்ச் சாரலும் சேர்ந்து வரும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். காற்று போன பிறகு ஷாக் தானாகவே சுருங்கி, கையால் இழுத்தாலும் நீளாமல் இருந்தால், கீழே உள்ள எதிர்க் காற்றறையில் அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று பொருள். அதைப் பிரிக்க முயலாதீர்கள். காற்றுக்குழாய் தெறித்து முகத்தில் அடிக்கும். பம்பால் காற்றடித்துப் பாருங்கள், நீளாவிட்டால் அப்படியே சர்வீசுக்கு.

போல்ட்டை உருவும்போது பின் பாகம் சட்டென்று தொங்கும். அப்போது டிஸ்க் பிரேக் குழாயும் கியர் கேபிளும் இழுபட்டு மடங்கும். பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தோ, துணிக்கயிற்றால் சீட்டோடு கட்டியோ பிடித்துக்கொள்ளுங்கள். வாஷர், ஸ்பேசர் எல்லாவற்றையும் எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷாக் வெளியே இருக்கும் இந்த நேரம் அருமையான நேரம். பின் பாகத்தைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பட்டு மாதிரி போக வேண்டும். கரகரத்தாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் மாற்ற வேண்டும். அதன் ஓரத்தில் எண் இருக்கும்: 6900 என்றால் 10 × 22 × 6, 6902 என்றால் 15 × 28 × 7 மி.மீ. அந்த எண்ணைச் சொல்லி இருபக்கமும் ரப்பர் மூடி உள்ளதாகப் பேரிங் கடையில் கேளுங்கள். கெட்ட பேரிங்கோடு புது ஷாக்கை மாட்டினால், பின் பாகத்தின் பக்கவாட்டு ஆட்டம் முழுவதும் ஷாக்கின் தண்டில் விழும். ஓராண்டில் தண்டு ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும்.

புஷ்ஷை அடிப்பது

புது ஷாக்கின் கண்ணில் புஷ் ஏற்கனவே இருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிடலாம். இல்லாவிட்டால், சுத்தியலால் அடிக்காதீர்கள். வைஸில் வைத்துத் தள்ளுவதே முறை. ஒரு பக்கம் புஷ்ஷைவிட மயிரிழை சிறிய சாக்கெட், மறுபக்கம் புஷ் உள்ளே விழும் அளவுக்குப் பெரிய சாக்கெட், நடுவில் ஷாக்கின் கண். வைஸைத் திருகத் திருகப் பழைய புஷ் பெரிய சாக்கெட்டுக்குள் போய்விடும். புதியது நுழையும்போது முதல் இரண்டு மில்லிமீட்டர் நேராக இருக்கிறதா என்று நாலு பக்கமும் பாருங்கள். கோணலாகத் தெரிந்தால் உடனே நிறுத்தி எடுத்து மீண்டும் வையுங்கள். கோணலாகப் போன புஷ் கண்ணைச் சுரண்டிவிடும். அதன்பின் எந்தப் புஷ்ஷும் அங்கே இறுக்கமாக நிற்காது.

மாட்டுவதும், காற்றில்லாமல் பார்ப்பதும்

ஃப்ரேமின் போல்ட் துளைகளில் உள்ள வெள்ளைப் பொடியை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். புதுப் போல்ட்டை எதுவும் இல்லாமல் ஒருமுறை விரலாலேயே திருகிப் பாருங்கள். மரை சுத்தமாக இருந்தால் கடைசிவரை விரலால் போகும்.

இனி மாட்டலாம். போல்ட்டின் வழுவழுப்பான நடுப்பகுதிக்கு மட்டும் கிரீஸ், மரைக்கு மட்டும் நீல த்ரெட்லாக்கர் இரண்டு சொட்டு. இரண்டும் கலந்தால் த்ரெட்லாக்கர் பிடிக்காது. ரிட்யூசரோடு சேர்ந்த ஷாக் ஃப்ரேம் இடுக்கில் விரலால் தள்ளியே நுழைய வேண்டும். தட்டித்தான் போகிறது என்றால் அகலம் அதிகம். உப்புத்தாளைக் கண்ணாடிமேல் வைத்து ரிட்யூசரின் முகத்தைத் தேய்த்துக் குறையுங்கள். இடுக்கில் நெருக்கிய ஷாக் சுலபமாகச் சுழலாது, சிறு அதிர்வுகளுக்கு அசையவே அசையாது.

போல்ட்டைக் கையால் மட்டும் இறுக்கி, ஷாக்கில் காற்றே இல்லாமல், பின் பாகத்தை அடிவரை அமுக்குங்கள். ஸ்பிரிங் ஷாக் என்றால் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். முதலில் சொன்ன சீட் டியூப் விபத்தைத் தடுப்பது இந்த ஒரு சோதனைதான். டயருக்கும் சீட் டியூப்புக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். செம்மண் சேறு ஒட்டிய டயர் இன்னும் பருமனாகும் என்பதை மறக்க வேண்டாம். முன் கியரில் செயினை நகர்த்தும் பாகம், பாட்டில் கூடு, ஷாக்கின் குமிழ், வால்வு மூடி, லீவர் என்று எது எதில் முட்டுகிறது என்று ஒரு டார்ச்சை அடித்து மெதுவாகப் பாருங்கள். எங்காவது முட்டினால் ஷாக்கைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் பல சமயம் சரியாகும்.

முட்டவில்லை என்றால் டார்க் ரென்ச். ஃப்ரேமில் போல்ட்டின் அருகே எண் பொறித்திருந்தால் அதுவே கடைசி வார்த்தை. இல்லாவிட்டால் 6 மி.மீ. போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. போல்ட்டுக்கு 12-ஐ ஒட்டித் தொடங்கலாம். இறுக்கியதும் போல்ட்டின் தலையிலிருந்து ஃப்ரேம் வரை மார்க்கரால் ஒரு நேர்க்கோடு போடுங்கள். தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும்.

காற்று

ஷாக்கின் வால்வும் பைக், கார் டியூப்பின் வால்வும் ஒன்றுதான். அதனால் பஞ்சர் கடையில் காற்றடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கூடாது. ஷாக்கின் காற்றறை ஒரு எலுமிச்சம்பழ அளவுதான். கம்ப்ரஸரில் இருந்து ஒரு நொடி பாய்ந்தாலும் எவ்வளவு ஏறியது என்று தெரியாது, தேவையான உயர் அழுத்தத்துக்கும் அது எட்டாது. 300 பி.எஸ்.ஐ. காட்டும் ஷாக் பம்ப் வேண்டும்.

தொடக்க அழுத்தத்துக்கு ஒரு சுலபக் கணக்கு: உங்கள் எடையைப் பவுண்டில் எடுத்து, அதே எண்ணை பி.எஸ்.ஐ.யாக வையுங்கள். 70 கிலோ என்றால் 154. இது தொடக்கம் மட்டுமே. ஷாக்கில் அச்சிட்டுள்ள உச்ச அளவைத் தாண்டவே கூடாது.

ஒரே மூச்சில் அடிக்காதீர்கள். பாதி அழுத்தம் வந்ததும் நிறுத்தி, ஷாக்கை அதன் கால்வாசி தூரத்துக்கு மெதுவாகப் பத்து முறை அமுக்கி விடுங்கள். கீழே உள்ள எதிர் அறைக்குள் காற்று சமமாகப் போக இதுதான் வழி. பிறகு மீதியை அடித்து, மீண்டும் பத்து முறை. கேஜ் இறங்கியிருந்தால் மேலும் அடியுங்கள். இதைச் செய்யாவிட்டால், இன்று சரியாக வைத்த ஷாக் நாளை தளர்ந்து தெரியும். கசிகிறது என்று தவறாக நினைப்பீர்கள்.

பம்பைக் கழற்றும்போது வரும் ‘உஸ்’ சத்தம் பம்பின் குழாயில் இருந்த காற்று, ஷாக்கிலிருந்து அல்ல. மறுநாள் பம்பை மாட்டிப் பார்த்தால் கேஜ் குறைவாகக் காட்டுவதும் இதனால்தான். ஷாக்கின் காற்றில் கொஞ்சம் குழாயை நிரப்பப் போய்விடுகிறது.

இனி ஆள் ஏறும்போது எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பது. வழியில் போகும்போது எப்படியோ அப்படியே ஹெல்மெட், தண்ணீர் நிரம்பிய பையோடு ஏறுங்கள். சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சீட்டில் உட்காருங்கள். கூட இருப்பவர் தண்டில் உள்ள ரப்பர் வளையத்தை மேலே சீலை ஒட்டித் தள்ளட்டும். குதிக்காமல் இறங்கி அளவெடுங்கள். ஸ்ட்ரோக்கில் 25 முதல் 30 சதவீதம் இருக்க வேண்டும். 57 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு 14 முதல் 17 மி.மீ., 51-க்கு 13 முதல் 15, 38-க்கு 9.5 முதல் 11.4. அதிகம் அமுங்கினால் 5 பி.எஸ்.ஐ. கூட்டுங்கள், குறைந்தால் 5 விடுங்கள்.

ஸ்பிரிங் எண்ணும் ரீபவுண்டும்

ஸ்பிரிங் ஷாக்கில் காற்றுக்குப் பதில் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும், ஆகவே கணக்கு முதலிலேயே சரியாக இருக்க வேண்டும். சாமானோடு 75 கிலோ என்றால் 165 பவுண்டு. அதில் ஏறக்குறைய 65 சதவீதம் பின் சக்கரத்தில்: 107 பவுண்டு. முன்பு பார்த்த 140/57 ஃப்ரேமில் அதை 2.45-ஆல் பெருக்கினால் ஷாக்கின் மேல் 263 பவுண்டு. 57-இல் 30 சதவீதம் 17 மி.மீ., அதாவது 0.67 அங்குலம். 263-ஐ 0.67-ஆல் வகுத்தால் சுமார் 392. ஆகவே 400 பவுண்டு ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் ஸ்ட்ரோக் ஷாக்கின் ஸ்ட்ரோக்கைவிடக் குறையக் கூடாது. திருகும் வளையத்தை, ஸ்பிரிங் ஆடாமல் நின்ற பிறகு, இரண்டு சுற்றுக்கு மேல் இறுக்காதீர்கள். அதற்கும் மேல் தேவைப்பட்டால் ஸ்பிரிங்கே தவறு.

சிவப்புக் குமிழ்தான் ரீபவுண்ட், அமுங்கிய ஷாக் திரும்பும் வேகம். முழுவதும் கடிகார முள் திசையில் மூடி, எத்தனை ‘கிளிக்’ என்று எண்ணியபடி நடுவில் நிறுத்துங்கள். உட்கார்ந்தபடி ஒரு நடைபாதைத் திட்டிலிருந்து இறங்குங்கள். சைக்கிள் ஒரு முறை எழும்பி அடங்க வேண்டும். இரண்டு, மூன்று முறை துள்ளினால் மூடும் பக்கம் ஒரு கிளிக். எழும்பாமலே உட்கார்ந்தால் திறக்கும் பக்கம் ஒரு கிளிக். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து வழிகளில் வேர்களும் உருண்டைக் கற்களும் அடுத்தடுத்து வரும். ரீபவுண்ட் மிக மெதுவாக இருந்தால் ஒரு கல்லில் அமுங்கிய ஷாக் நிமிர்வதற்குள் அடுத்த கல் வந்துவிடும்; நாலாவது கல்லில் அடிவரை போய் முட்டும். காற்று போதவில்லை என்று நினைத்துக் காற்றைக் கூட்டுவது இந்த இடத்தில்தான் நடக்கும் தவறு.

முதல் ஓட்டமும் அதன் பிறகும்

முதல் ஓட்டத்துக்கு வீட்டுக்குப் பக்கத்துச் செம்மண் பாதை போதும். ரப்பர் விளைக்குள் போவதானால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். வனத்துறை எல்லைக்குள் அனுமதியில்லாமல் நுழைய வேண்டாம். அரை மணி நேரம் ஓட்டி வந்து மார்க்கர் கோட்டைப் பாருங்கள். ரப்பர் வளையம் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். கடினமான ஒரு பள்ளத்தில் பத்தில் ஒன்பது பங்கு போயிருந்தால் சரி. எப்போதும் அடிவரை போகிறது, ஆனால் ஆள் ஏறும்போது அமுங்கும் அளவு சரியாக இருக்கிறது என்றால், காற்றைக் கூட்டாதீர்கள். காற்றறைக்குள் போடும் பிளாஸ்டிக் வளையங்களால் இடத்தைக் குறைப்பதே வழி.

கடற்கரைக்குச் சைக்கிளைக் கொண்டுபோகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட் என்ற கனிமத்தோடு கார்னெட்டும் சிர்கானும் கலந்திருக்கின்றன. பின்னவை இரண்டும் சாதாரண மணலைப் போலவோ அதைவிடவுமோ கடினமானவை. தண்டின் மேலுள்ள சீலின் உதட்டில் அந்த மணி ஒன்று மாட்டினால், ஒவ்வோர் அமுங்கலிலும் தண்டில் ஒரே கோட்டில் உழும். வந்ததும் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், மணலைத் தண்டில் அரைத்த மாதிரி ஆகும். முதலில் ஒரு வாளி நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, பிறகு ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். வாட்டர் சர்வீஸ் கன் வேண்டாம். அந்த வேகம் சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளும்.

ராக்‌ஷாக்ஸ் காற்றுக்குழாய்ச் சீலை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. ஃபாக்ஸ் முழுச் சர்வீசுக்கு 125 மணி நேரம் அல்லது ஓராண்டு என்கிறது. நம் ஊரில் அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வைகாசி முடியுமுன் ஒருமுறை, ஐப்பசி பிறக்குமுன் ஒருமுறை, ஷாக் போல்ட் இரண்டையும் உருவித் துடைத்து, நடுப்பகுதிக்குக் கிரீஸும் மரைக்குத் த்ரெட்லாக்கரும் புதிதாகப் போட்டு, அதே டார்க்கில் இறுக்கி, கோட்டைத் திரும்பப் போடுங்கள். ஷாக்கை முழுவதும் கழற்றாததால் இதற்குக் காற்றை விட வேண்டியதில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு சமயத்தில் ஒரு போல்ட்டை மட்டும் எடுங்கள்.